புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வருகிறீர்களா? கேம் சேவ்களை மறக்காதீர்கள்

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நம்ம ஊரிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் பலர், வீட்டு டெஸ்க்டாப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து புது லேப்டாப் வாங்குகிறார்கள். கேமை எப்போது வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம். வருஷக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ், அதாவது கேமில் எதுவரை ஆடினீர்கள் என்று பதிவாகும் ஃபைல், அப்படிக் கிடைக்காது. பெட்டி கட்டும்போதே அதை எடுத்து வையுங்கள்.

சேவ் பெரும்பாலும் கேம் இருக்கும் ஃபோல்டரில் இருக்காது. விண்டோஸில் டாக்குமெண்ட்ஸுக்குள் 'மை கேம்ஸ்', யூசர் பெயருக்குக் கீழே 'சேவ்டு கேம்ஸ்', அப்புறம் அங்கேயே ஆப்டேட்டா என்ற ஃபோல்டர், இந்த மூன்றிலும் தேடுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். அதற்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று உண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா உலகங்கள் ரோமிங்கில்தான் இருக்கின்றன. கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் ஆப்பில், சேவ்களை இணையத்தில் வைக்கும் ஸ்டீம் கிளவுட் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், எல்லா கேமுக்கும் அந்த வசதி இல்லை.

கிளவுட் உள்ள கேமிலும் ஒரு ஆபத்து உண்டு. புது லேப்டாப்பில் முதல்முறை திறக்கும்போது, எந்த சேவ் வேண்டும், கிளவுடில் உள்ளதா, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதா என்று கேட்கலாம். அவசரப்பட்டு அமுக்காமல் தேதியைப் பாருங்கள். ஊரில் தம்பி உங்கள் கணக்கிலேயே புதிதாக ஆடத் தொடங்கியிருந்தால், அவனுடைய சேவ்தான் புதியதாகத் தெரியும். அவனுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது.

டேட்டா செலவை மிச்சம் பிடிக்க கேமையே காப்பி செய்து கொண்டுவரலாம். ஹார்ட்டிஸ்க்கின் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. ஸ்டீமில் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டரின் 'காமன்' உள்ளே ஒட்டிவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள், இருக்கும் ஃபைல்களை அதுவே கண்டுகொள்ளும். ஸ்டீம் போலவே இன்னொரு கேம் கடையான எபிக்கில் முதலில் இன்ஸ்டாலைத் தொடங்கி, கொஞ்சம் இறங்கியதும் நிறுத்தி, எபிக் ஆப்பை மூடி, அந்த ஃபோல்டரில் ஒட்டிய பிறகு தொடர வேண்டும். ஹார்ட்டிஸ்க்கைக் கைப்பையிலேயே வையுங்கள்.

ஸ்டீம் கணக்கில் நுழையும்போது கோடு கேட்டுப் பாதுகாக்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) உங்கள் போனில் இருந்தால், ரெகவரி கோடை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் மாறினாலும், இந்திய சிம்முக்கு எஸ்எம்எஸ் வராமல் போனாலும் அதுதான் கைகொடுக்கும்.

இங்கே கடையில் வாங்கும் லேப்டாப்பில் கீபோர்டு வேறு மாதிரி. டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட், ஏ இருக்கும் இடத்தில் க்யூ. டபிள்யூ, ஏ பட்டன்களால் நகரும் கேமில் ஆள் நகராமல் நின்றால் சேவ் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆங்கிலக் கீபோர்டைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்கினால் மாறிவிடும்.