241 கிலோவிலிருந்து 159 கிலோவுக்கு: கனமான டூரிங் பைக்கை விட்டு லேசான வண்டிக்கு மாறுபவர்களுக்கான செய்முறை

650 சிசி வண்டியிலோ அதைவிடக் கனமானதிலோ ஊர் சுற்றிவிட்டு, முட்டிவலி, முதுகுவலி, வீட்டு கேட்டின் அகலம் என்று ஏதோ ஒரு காரணத்தால் "கொஞ்சம் லேசா ஒரு வண்டி போதும்பா" என்ற முடிவுக்கு வந்தவர்களுக்கு இந்தப் பதிவு. மாறலாமா வேண்டாமா என்ற விவாதம் இங்கே கிடையாது. முடிவெடுத்தாயிற்று, அடுத்து என்ன செய்வது என்பது மட்டும்தான். ஓட்டத் தெரிந்தவர்கள்தானே, கிளட்ச் எது பிரேக் எது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

நான் மாறியது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-லிருந்து ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-க்கு. முன்னது 241 கிலோ, பின்னது 159. நீங்கள் வேறு ஜோடிக்கு இடையில் மாறினாலும் வேலைகள் இவையேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறும்வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். வாங்கியவர் எங்காவது இடித்தால் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். லோன் இருந்தால் ஃபார்ம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். வேறு மாநிலத்துக்காரர் வாங்கினால் ஃபார்ம் 28, அதாவது தடையில்லாச் சான்று.

பலரும் கோட்டை விடுவது இன்ஷூரன்ஸில். க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டியதற்கான என்சிபி தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். விற்ற பிறகு பழைய கம்பெனியிடம் என்சிபி ரிடென்ஷன் கடிதம் கேட்டு வாங்கி, புது வண்டியின் பாலிசி போடும் இடத்தில் கொடுங்கள். கடிதம் மூன்று வருடம் செல்லும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். லேசான வண்டி என்று 398 சிசி ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 பக்கம் கண் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எடை குறைந்தது, உயரம் கூடியது

ஷோரூமில் ஏறி உட்கார்ந்ததும் முகம் மாறுகிற இடம் இது. சூப்பர் மீட்டியாரின் சீட் உயரம் 740 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 825. இரண்டு பாதமும் தரையில் பரக்க ஊன்றிப் பழகியவருக்கு இப்போது நுனிக்கால்தான் எட்டும். உடனே வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் லிங்க் போடலாமா என்று கேட்பார்கள். பொறுங்கள். 241 கிலோவுக்கு இரண்டு கால் தேவைப்பட்டது, 159 கிலோவுக்கு ஒன்று போதும்.

நிற்கப் போகும்போது இடுப்பை சீட்டில் லேசாக இடப்பக்கம் நகர்த்தி, இடது பாதத்தை முழுதாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். காலி மைதானத்தில் ஒரு மாலை இதை மட்டும் செய்தால் உடம்புக்குப் பழகிவிடும். நின்ற பிறகுதான் முதல் கியர் போடுவது உங்கள் பழக்கமாக இருந்தால் அதை விடுங்கள், நிற்பதற்கு முன்பே போட்டுவிட்டால் இடது காலை மாற்ற வேண்டியிருக்காது.

படி 3: லக்கேஜ்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழிக்க வேண்டும்.

25 கிலோ சாமான் என்பது 241 கிலோ வண்டிக்குப் பத்தில் ஒரு பங்கு, பெரிதாகத் தெரியாது. அதே 25 கிலோ 159 கிலோ வண்டிக்கு ஆறில் ஒரு பங்கு. அதுவும் எங்கே உட்கார்கிறது என்றால், பின் சக்கர அச்சுக்கும் பின்னால், கேரியர் மேல். அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவும் பின்னே அழுத்துவதோடு முன் சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது. கனமான வண்டியில் அந்தத் தூக்கல் மறைந்துபோகும், லேசான வண்டியில் ஹேண்டில்பாரில் அப்படியே தெரியும். எண்பதில் போகும்போது முன்பக்கம் மெல்ல ஆடுகிறது, வளைவில் வண்டி வெளியே வெளியே போகிறது என்றால் டயரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கேரியரைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய அலுமினியப் பெட்டிகளை புது வண்டிக்குப் பொருத்தும் ஆசையை விடுங்கள். காலிப் பெட்டியும் ரேக்குமே பத்துப் பதினைந்து கிலோ வந்துவிடும். துணியிலான சாடில் பேக் வாங்குங்கள், வாட்டர்ப்ரூஃப் என்று விற்பதைவிட உள்ளே தனியாக ஒரு ரப்பர் பை வருவதே நல்லது. பிறகு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, வீட்டில் இருக்கும் எடை மெஷினில் பையோடு ஏறி நின்று உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். பில்லியன், அதாவது பின்னால் உட்காருபவர், இல்லாமல் போகிறீர்கள் என்றால் 12 கிலோவுக்குள் முடிக்கலாம். 15-ஐத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் தூக்குகிறீர்கள். மூன்று ஜீன்ஸ் வேண்டாம். கூடாரம், ஸ்டவ் இரண்டும் நம் ஊர்ச் சாலைகளுக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கிற நாட்டில் மூன்று லிட்டர் தண்ணீரும் அப்படித்தான்.

கனமானவை, அதாவது ஸ்பேனர்கள், ஏர் பம்ப், செயின் லூப், பூட்டு எல்லாம் முன்னால் வரட்டும். டேங்க் பேக்கிலோ கிராஷ் கார்டில் கட்டும் சின்னப் பைகளிலோ. துணிமணி பின்னால் போகட்டும். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று மேனுவலில் இருக்கும், நாம் நினைப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு.

படி 4: சாக் அளப்பது

லக்கேஜ் முடிவான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், வரிசையை மாற்றினால் பிரயோஜனம் இல்லை. வண்டி நம் எடையில் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் சாக் (sag). கம்பெனி செட்டிங் யாரோ ஒரு சராசரி ஆளுக்கு. நீங்களும் உங்கள் பைகளும் அந்தச் சராசரி இல்லை.

ஒரு நண்பர், ஒரு அளக்கும் டேப், கொஞ்சம் மாஸ்கிங் டேப் தேவை. பின் அச்சுக்கு நேர் மேலே வால்பக்கத்தில் ஒரு புள்ளி ஒட்டுங்கள். எக்ஸ்பல்ஸில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது, அதனால் சைடு ஸ்டாண்டின் மேல் வண்டியைச் சாய்த்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி நண்பர் பிடித்துக்கொள்ள வேண்டும் (650-ல் இதை முயன்றுகூடப் பார்க்காதீர்கள்). அந்த நிலையில் அச்சுக்கும் புள்ளிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று குறியுங்கள். அடுத்து டேங்க் நிறைய பெட்ரோல், எல்லாப் பைகளும் கட்டி, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் போட்டு ஏறி உட்காருங்கள். நண்பர் முன்னாலிருந்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, நீங்கள் இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் வைத்து ஒருமுறை குதித்து அமர்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சாக்.

மொத்த சஸ்பென்ஷன் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. எக்ஸ்பல்ஸின் பின் பயணம் 170 மில்லிமீட்டர், ஆக 55-க்குப் பக்கத்தில் வர வேண்டும். அதிகமாக அமிழ்ந்தால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டுங்கள், குறைவாக இருந்தால் தளர்த்துங்கள். வண்டியோடு வரும் கொக்கி ஸ்பேனர் போதும், ஆனால் கைப்பிடி நீளமான ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தால் விரல்முட்டி தப்பிக்கும்.

டேப் எடுக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. லக்கேஜோடு இரவில் போகும்போது லோ பீமிலேயே எதிரே வருகிற லாரிகள் டிம் அடிக்கச் சொல்லிக் கண்சிமிட்டினால், உங்கள் ஹெட்லைட் சாலையை விட்டுப் புளியமரத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பின்பக்கம் அமிழ்ந்திருக்கிறது.

படி 5: எஞ்சினைப் பாட விடுங்கள்

பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின் நம்மைச் சோம்பேறி ஆக்கிவிடுகிறது. 650-ல் 2500 ஆர்பிஎம்மிலேயே டார்க்கில் (இழுவைத் திறனில்) 80 சதவீதம் கிடைத்துவிடும், நாலாவது கியரில் நாற்பதில் போகும்போது முறுக்கினாலும் இழுத்துக்கொண்டு போகும். எக்ஸ்பல்ஸின் 17.35 நியூட்டன்மீட்டர் டார்க் வருவது 6500-ல், 19.1 பிஎஸ் பவர் வருவது 8500-ல். பழைய பழக்கத்தில் கீழ் ஆர்பிஎம்மில் மேல் கியர் போட்டு முறுக்கினால் எஞ்சின் திணறும், "இந்த வண்டியில் தம் இல்லை" என்று ஒரே வாரத்தில் ஓஎல்எக்ஸில் போட்டுவிடுவீர்கள். ரன்-இன் (புது எஞ்சினைப் பதமாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடிந்த பிறகு 5000-க்கும் 7000-க்கும் நடுவே வைத்து ஓட்டுங்கள். சத்தம் அதிகமாகத் தோன்றும், அது அந்த எஞ்சினின் இயல்பு, ஒன்றும் ஆகாது.

இருவழிச் சாலையில் பஸ்ஸை முந்துவதுதான் நிஜமான பரீட்சை. பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு காத்திருக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, முன்கூட்டியே ஒன்றோ இரண்டோ கியர் குறைத்து, எதிரே காலி என்று தெரிந்ததும் அந்த இடைவெளியிலேயே வேகம் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். 650-ல் முந்தியிருக்கக்கூடிய சந்துகளில் பாதி இப்போது உங்களுக்கு இல்லை. நான்குவழிச் சாலையில் 80–85 தான் இந்த வண்டிக்கு நிம்மதியான வேகம், சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

படி 6: பின் பிரேக்

நீளமான க்ரூஸரில் பின் பிரேக்கை நம்பியே பாதி வாழ்க்கை ஓடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். பழைய அழுத்தத்தில் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மண்ணும் ஜல்லியும் கிடக்கும் காலி இடத்தில் முப்பது வேகத்தில் வேண்டுமென்றே பூட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் பூட்டுகிறது என்பதை கால் கற்றுக்கொள்ளட்டும். அவசரத்தில் முன் பிரேக்கே பிரதானம்.

படி 7: காற்று

இதை எந்த ரிவ்யூவிலும் சொல்ல மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போயிருக்கிறீர்களா? கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். 241 கிலோ வண்டி அதில் லேசாக அசையும். 159 கிலோ, அதுவும் உயரமான வண்டி, அரை லேன் தள்ளிப்போகும். லாரியின் மறைவில் போகும்போது காற்று நின்று, அதைத் தாண்டியதும் திடீரென்று அடிப்பதுதான் ஆபத்தான கணம்.

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம், உங்கள் மேலுடம்பின் ஆட்டமெல்லாம் அதற்குள் இறங்கும். முட்டியால் டேங்கைக் கவ்வி, முழங்கையைத் தளர்த்தி, வேகத்தை அறுபதுக்குக் குறைத்து, லேனின் நடுவே ஓட்டுங்கள். டாப் பாக்ஸ் அந்தச் சாலைக்கு வேண்டாம், எனக்கு எந்தச் சாலைக்கும் வேண்டாம்.

மலைப்பாதை மட்டும் பழகவே தேவையில்லாத சந்தோஷம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே, தோள் வலிக்காமல் ஏறலாம். ஆரம்பத்தில் கனமான வண்டியைத் தள்ளும் அதே பலத்தோடு ஹேண்டில்பாரைத் தள்ளுவீர்கள், வண்டி உள்பக்கம் சடாரென்று விழும். பாதி பலம் போதும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

பில்லியன் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். மனைவியோடு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் 200 சிசிக்கு இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, கொஞ்ச தூரத்துக்குச் சரி. இரண்டு பேராகப் போகும்போது ப்ரீலோடைக் கூட்ட வேண்டும், திரும்பத் தனியாக ஓட்டும்போது குறைக்கவும் வேண்டும், டயர் காற்றும் அப்படியே. எத்தனை படி கூட்டினீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள்.

ஒருவர் பழையதை விற்கும் முன்பே புதியதை வாங்கியதால் என்சிபி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், ஒரே தள்ளுபடியை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்குப் பயன்படுத்த முடியாது. முடிந்தவரை முதலில் விற்றுவிடுங்கள்.

எக்ஸ்பல்ஸ் 210 வாங்கலாமா என்கிறவர்களுக்கு: எடை சுமார் 170 கிலோ, லிக்விட் கூலிங், பவர் கூடுதல். நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால் அதுவே மேல்.

பஞ்சர் பற்றி நான் எழுதவே இல்லை என்று திட்டியவருக்கு நன்றி. அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் வண்டியிலிருந்து வருகிறீர்கள், இதுவோ ஸ்போக் வீல், ட்யூப் டயர். திரி குத்தி ஓட்டிவிட முடியாது, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18, சிற்றூர்ப் பஞ்சர் கடைகளில் இந்த இரண்டு அளவு ட்யூபும் பெரும்பாலும் இருக்காது. இரண்டையும் சுமக்க வேண்டாம், 21 அங்குல ட்யூப் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின் டயருக்குள்ளும் மடிப்பு விழாமல் திணித்து, மெதுவாக அடுத்த ஊர் வரை வந்துவிடலாம். ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பேனரும் இரண்டு டயர் லீவரும் டேங்க் பேக்கில் இருக்கட்டும், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.