செல் பிரிதலைக் கணினியில் உருவகப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த வினை எது, எப்போது நிகழும் என்பதைத் தற்செயல் எண்களை எடுத்துத் தீர்மானிக்கும், டேனியல் கில்லெஸ்பி 1970களில் வகுத்த தற்செயல் கணக்கீட்டு முறையைப் பிரியும் செல்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கும் மாணவர்கள், நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்து வருகிறேன். அலகுக் குழப்பங்களை விட்டுவிடுகிறேன். அவை முதல் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

பிரியும்போது சரிபாதியாக வகுப்பது

மூலக்கூறுகளின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்து, சேய்ச்செல்லுக்குப் பாதி என்று கொடுத்துவிடும் வரியை இன்றும் நிரல்களில் காண்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மூலக்கூறு ஒவ்வொன்றும், நாணயம் சுண்டியதுபோல், ஏதோ ஒரு சேயில் போய்ச் சேர்கிறது. எனவே ஒரு சேயின் பங்கை ஈருறுப்புப் பரவலிலிருந்து எடுக்க வேண்டும். 10,000 புரதங்கள் இருந்தால் திட்ட விலக்கம் 50தான். வகுத்தாலும் குடி முழுகாது. நான்கே பிரதிகள் உள்ள பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டிஎன்ஏ வளையம்) என்றாலோ, எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் ஒரு சேய் வெறுங்கையோடு பிறக்கும்.

ஈ. கோலை பாக்டீரியாவில் அத்தகைய பிளாஸ்மிட் ஒன்று எத்தனை தலைமுறை நீடிக்கும் என்று கணக்கிட்டபோது நானும் வகுத்தேன். என் கணினியில் அது ஒருபோதும் தொலையவில்லை. ஆன்டிபயாடிக் இன்றி வளர்த்த ஆய்வகச் செல்களிலோ, 20 தலைமுறைக்குள் பெரும்பாலானவை அதை இழந்திருந்தன. இரண்டு மாதங்கள் வளர்ப்பு ஊடகத்தின்மீது பழிபோட்டோம். பிரியுமுன் 4 பிரதிகள் என்று வைத்து நாணயக் கணக்கைப் போட்டிருந்தால், 20 தலைமுறைக்குப் பின் கால்பங்குக்குச் சற்று மேற்பட்ட செல்களிலேயே அது எஞ்சும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். (தன் பிரதிகளைப் பங்கிடத் தனிப் புரதங்களை வைத்திருக்கும் எஃப் பிளாஸ்மிட் போன்றவற்றுக்கு இக்கணக்கு பொருந்தாது.)

இதைத் திருத்துகிறேன் என்று இரு சேய்களுக்கும் தனித்தனியே எண் எடுப்போரும் உண்டு. சராசரி சரியாகவே வருவதால் பிழை கண்ணில் படாது. ஆனால் இல்லாத மூலக்கூறுகள் முளைக்கும், இருந்தவை மறையும். ஒன்றுக்கு எடுத்து, மிச்சத்தை மற்றதற்குக் கொடுங்கள்.

பிரிவு நேரத்தைத் தாண்டி விழும் வினை

அடுத்த வினைக்கு எடுத்த நேரம் பிரிவு நேரத்துக்கு அப்பால் விழுந்தால், அவ்வினையை நிகழ்த்தக் கூடாது. பிரிவு நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி, செல்லைப் பிரித்து, அடுத்த வினைக்குப் புதிதாக எண் எடுக்க வேண்டும்.

எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே விதை எண்

தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண் அது. எல்லா ஓட்டங்களுக்கும் ஒன்றே வேண்டாம்.

ஒரு வம்சத்தைக் குடுவையோடு ஒப்பிடுவது

சீராகப் பெருகும் குடுவையில், பிரியப்போகும் செல்களைவிட அப்போதுதான் பிறந்த செல்கள் இருமடங்கு இருக்கும். ஒரு சேயை மட்டும் பின்தொடரும் நிரலில் எல்லா வயதும் சம அளவில் வரும். குடுவை அளவீட்டோடு ஒப்பிட விரும்பினால், இரு சேய்களையும் வளரவிட்டு, முழு வம்சமரத்திலிருந்து ஒரே நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.