பிரியாணிக்கு அப்புறம் வெந்நீர்: கொழுப்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

கல்யாண வீட்டில் மட்டன் பிரியாணியை முடித்துக் கை கழுவும்போது பெரியவர் யாராவது கட்டாயம் சொல்வார்: "ஒரு டம்ளர் வெந்நீர் குடிச்சிடுப்பா, கொழுப்பு வயித்துல ஒட்டாது." ரொம்ப நாள் நானும் நம்பிக் குடித்தேன். பிசுக்கேறிய சட்டி வெந்நீரில் சுத்தமாகிறதே, வயிறு மட்டும் ஆகாதா என்ற கணக்குதான். ஆனால் வயிற்றுக்குள் எப்போதும் 37 டிகிரி சூடு இருக்கிறது, அதில் நெய் தானாகவே உருகித்தான் கிடக்கும், குடித்த வெந்நீரும் கொஞ்ச நேரத்தில் அதே சூட்டுக்கு இறங்கிவிடும். குடிப்பதில் தப்பில்லை, இதமாகக்கூட இருக்கும். கொழுப்பு கரையும் என்று நினைத்து இன்னொரு பிளேட் வாங்குவதுதான் தப்பு.

உருக்குவது உடம்புக்கு ஒரு வேலையே இல்லை, தண்ணீரோடு சேர வைப்பதுதான் வேலை. ரசத்தில் தாளித்த நெய் வட்டம் வட்டமாக மிதப்பதைப் பாருங்கள், கரண்டியால் கலக்கினால் உடையும், விட்டால் மறுபடி ஒன்று சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேரவிடாமல் பிடித்து வைப்பது பித்தநீர், சட்டிக்கு சோப்பு மாதிரி. கொழுப்பு இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் நுழைந்ததும் ஒரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைப் பிழிய வைக்கிறது, பொடியாக உடைந்த துளிகளைக் கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி வெட்டுகிறது, வெட்டிய துண்டுகளைக் குடல் சுவர் உறிஞ்சுகிறது. பித்தநீரில் இந்த சோப்பு வேலையைச் செய்வது பித்த உப்பு; வேலை முடிந்த அதையும் உடம்பு வீணாக்காது, சுமார் 95 சதவீதத்தைக் குடலின் கடைசிப் பகுதியில் திரும்ப எடுத்துக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, சொட்டு எண்ணெய்கூட வேண்டாம் என்று ஒதுக்குவது. முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டால் அதிலுள்ள பீட்டா கரோட்டினில் (உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து) பெரும்பகுதி சேராமலே வெளியே போய்விடும், ஏனென்றால் அது கொழுப்போடுதான் உள்ளே போகும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்குக்கும் இதே கதைதான். ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தாலே போதும். டி3 மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் இதனால்தான். இன்னொன்று, பித்தப்பையைப் பிழியவே விடாமல் பட்டினி டயட்டில் மளமளவென்று எடை குறைத்தால் உள்ளே பித்தம் தேங்கிக் கல் உருவாக வாய்ப்பு அதிகம்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் இனி ஆயுசுக்கும் கொழுப்பே ஆகாது என்பதும் தவறு. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி இல்லாவிட்டால் சொட்டுச்சொட்டாகக் குடலுக்குள் வந்துகொண்டே இருக்கும், ஒரே வேளையில் நிறைய சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான்.

பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தாராளமாக ஊற்றுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. கலோரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான், கிராமுக்கு 9.

கடைசியாக நான் செய்த கூத்து. காலையில் பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன், டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் கொழுப்பு, எகிறிப்போய் வந்தது. உறிஞ்சிய கொழுப்பைக் குடல் மறுபடி கோத்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, நிணநீர்க் குழாய் வழியாகக் கழுத்தோரம் இருக்கும் ரத்தக்குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில்தான் ரத்தத்தில் அந்தப் பொட்டலங்கள் உச்சத்தில் இருக்கும். நான் சரியாக அந்த நேரம் பார்த்துக் கையை நீட்டியிருக்கிறேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "காலைல என்ன டிபன்?" என்றார்.