பாலைநில வீட்டில் அஸ்திவாரம் இறங்கினால் எவ்வளவு செலவாகும்? நீங்களே கணக்குப் போட ஒரு வழி

தென்னாப்பிரிக்காவின் நார்தர்ன் கேப் மாகாணத்தில், அப்பிங்டன் என்ற வறண்ட ஊரில் என் அக்கா வீடு இருக்கிறது. சமையலறை மூலையில் விரிசல் விழுந்ததும் ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அஸ்திவாரம் முழுவதையும் அண்டர்பின்னிங் செய்ய வேண்டும், அதாவது அடியில் தோண்டி கான்கிரீட் போட்டுத் தாங்க வேண்டும் என்று ஒரே வரியில் ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "தம்பி, இது நியாயமான விலையா?" என்று அக்கா எனக்குப் போன் செய்தார். நான் டர்பனில் கட்டட வேலைகளுக்கு அளவெடுத்து மதிப்பீடு போடுகிறவன். ஆனாலும் அந்த ஒற்றை வரியை வைத்து என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. எத்தனை அடி, எத்தனை குழி, எவ்வளவு ஆழம் என்று எதுவுமே அதில் இல்லை.

அடுத்த வாரமே கிளம்பிப் போனேன். அங்கே நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முன்அனுபவம் எதுவும் தேவையில்லை. டேப், பென்சில், மண்வெட்டி போதும்.

முதல் படி: விரிசலைப் படியுங்கள்

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தை மில்லிமீட்டரில் அளந்து சுவரிலேயே குறித்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடிந்துவிடும். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தாலோ அடுத்த படிகளுக்குப் போக வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகளில் சரிந்து போகும் விரிசல், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், வழக்கமாகச் சுவரின் அந்த முனை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் படி: தண்ணீரைத் தேடுங்கள்

செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துவது இந்தப் படிதான், அதனால் அவசரப்படாதீர்கள்.

வறண்ட ஊரில் மண் காய்ந்து கிடக்கும்வரை வீடு அசையாமல் நிற்கும். அந்த மண்ணில் ஓர் இடம் மட்டும் நனைந்தால்தான் தொல்லை. டர்பனில் தண்ணீர் வானத்திலிருந்து வரும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அப்பிங்டனில் வருடம் முழுவதும் பெய்வது ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். அங்கே அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் போவது பெரும்பாலும் நம் குழாயிலிருந்துதான்.

ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். ஆறு மணி நேரத்தில் 60 லிட்டர் கூடியிருந்தால், ஒரு நாளைக்கு 240 லிட்டர் எங்கேயோ போகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 200 மில்லிமீட்டர் மழை என்றால் 200 லிட்டர். அதாவது ஒரு வருட மழையை விட அதிகமான தண்ணீரை அந்தக் கசிவு ஒரே நாளில் ஊற்றிவிடுகிறது!

கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் மீட்டர் காட்டாது. அதற்கு பிளம்பர் குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார், அல்லது கேமரா விடுவார். கூரையில் இருக்கும் கீசரின் ஓவர்ஃப்ளோ குழாய் சுவர் ஓரத்தில் சொட்டுகிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம் செடிகள். டர்பனிலிருந்து கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்றை அக்கா சமையலறைச் சுவரை ஒட்டியே நட்டிருந்தார். அந்த வெயிலில் அது பிழைக்க வேண்டுமே என்று தினமும் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து ஊற்றியிருக்கிறார். அதற்கு இரண்டு அடி தள்ளி, மண்ணுக்குள் ஓர் இணைப்பும் கசிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் படி: மண் என்ன மண்?

தமிழ்நாட்டு ஊர்களில் மனை பார்க்கும் பெரியவர்கள் ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போடுவார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக இருந்தால் நடுத்தரம், குழி நிரம்பாவிட்டால் ஆகாத மனை என்பார்கள். தென்னாப்பிரிக்க மண் பொறியாளர்களும் இதே சோதனையை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. குழி நிரம்பாவிட்டால் மண்ணுக்குள் வெற்றிடம் அதிகம், நனைந்தால் அமுங்கக்கூடிய மண் என்பது அவர்கள் முடிவு.

காலஹாரிப் பாலைவனப் பக்கத்து மணல் பல இடங்களில் இந்த வகைதான். மணல் துகள்களை நடுவில் கொஞ்சம் களிமண் பசை மாதிரி பிடித்திருக்கும். காய்ந்திருக்கும்போது கல் போல உறுதி. மேலே சுவரின் பாரம் இருக்கும்போது தண்ணீர் இறங்கினால் பசை இளகி, துகள்கள் சட்டென்று நெருங்கிவிடும். ஜென்னிங்ஸ், நைட் என்ற இரு பொறியாளர்கள் தென்னாப்பிரிக்க மண்ணை வைத்து 1957-இல் இதை விளக்கி எழுதினார்கள். டர்பனின் பெரேயா சிவப்பு மணலுக்கும் இந்தக் குணம் உண்டு, அதனால் இதைப் படிக்கும் டர்பன்காரர்களும் தள்ளிவிட வேண்டாம்.

களிமண் என்றால் நேர்மாறு. நனைந்தால் உப்பிச் சுவரைத் தூக்கும், காய்ந்தால் சுருங்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, விலையும் வேறு. இதை உறுதிசெய்ய, பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரின் அறிக்கை வேண்டும். அவர் வேலை எடுத்துச் செய்கிறவராக இருக்கக் கூடாது. எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மாகாணத் தலைநகரான கிம்பர்லியிலிருந்து வந்தாலே 400 கிலோமீட்டர் போல ஆகும், பயணச் செலவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: குழியை எண்ணுங்கள்

அண்டர்பின்னிங் என்பது பழைய அஸ்திவாரத்தின் அடியில் ஒரு மீட்டர் ஒரு மீட்டராகத் தோண்டி கான்கிரீட் போடுவது. அடுத்தடுத்த குழிகளை ஒரே சமயத்தில் தோண்டவே கூடாது. ஒன்று விட்டு ஒன்றாகத்தான் போக வேண்டும், இல்லையென்றால் சுவர் தொங்கும். தயவுசெய்து இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், உயிர் போகும் வேலை.

கணக்கு மட்டும் நம்முடையது. ஒரு மூலையில் இரு பக்கமும் சேர்த்து 6 மீட்டர் என்றால் 6 குழி. ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம், 0.6 அகலம், 1.2 ஆழம் என்றால் 0.72 கன மீட்டர். ஆறுக்கும் 4.32. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 4.75. ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7 மூட்டை என்று வைத்தால் 33 மூட்டை சிமெண்ட். கான்ட்ராக்டர் 80 மூட்டை என்று எழுதினால் ஏன் என்று கேட்கலாம் இல்லையா?

இப்போது பணம். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக நானே வைத்தவை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குழிக்கு 9,000 ராண்ட் என்றால் ஆறுக்கு 54,000. எஞ்சினியருக்கு 12,000. ஆட்களும் சாமானும் வந்துபோக 8,000. பூச்சும் பெயிண்டும் 10,000. ஆக 84,000. எதிர்பாராததற்கு 15 சதவீதம், 12,600. மொத்தம் 96,600. அதன்மேல் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), 14,490. கடைசியில் 1,11,090 ராண்ட். குழி விலையை மட்டும் கேட்டுச் சரி என்று தலையாட்டியவருக்கு 54,000 இரண்டு மடங்காகி நிற்கும்.

எதிர்பாராததற்கு ஒதுக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தப் பக்கம் மணலுக்கு அடியில் கால்கிரீட் என்ற சுண்ணாம்புப் பாறை இருக்கும். மண்வெட்டி இறங்காது, ஜாக்ஹேமர் வேண்டும். பாறை வந்தால் கன மீட்டருக்கு என்ன விலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், போட்ட கான்கிரீட்டை ஈரச் சாக்கு போட்டுக் காக்க ஆள் வேண்டும். முடிந்தால் மே முதல் ஆகஸ்டுக்குள் வேலையை வையுங்கள்.

ஐந்தாம் படி: வேறு யாராவது தருவார்களா?

புது வீடு என்.எச்.பி.ஆர்.சி.யில் (வீடு கட்டுபவர்களைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க தேசிய மன்றம்) பதிவாகியிருந்தால், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு குடிபோன நாளிலிருந்து 5 வருட உத்தரவாதம் உண்டு. முதலில் கட்டியவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய வீடு என்றால் இன்சூரன்ஸ் பத்திரத்தில் நிலம் இறங்குவதைப் பற்றிய பத்தியைத் தேடுங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் முழுப் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆறாம் படி: காத்திருங்கள்

கசிவை அடைத்தோம். சுவரை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டோம். பூச்சு வேலையைத் தொடவே இல்லை, பென்சில் கோடுகள் தெரிய வேண்டும் என்பதற்காக. மாமா ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அளந்து எனக்கு அனுப்பினார். 7 மில்லிமீட்டர், 7, 7. ஒரு கோடை மழையும் போனது, அப்போதும் 7. எஞ்சினியர் திரும்ப வந்து பார்த்துவிட்டு, வீடு முழுவதற்கும் வேண்டாம், அந்த ஒரு மூலையில் நான்கு குழி போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

கறிவேப்பிலையை வேலி ஓரத்துக்கு மாற்றிவிட்டோம், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி. முதல் மாதம் இலையெல்லாம் உதிர்ந்தது. இப்போது துளிர்த்திருக்கிறது என்று அக்கா படம் அனுப்பியிருக்கிறார்.