விக்டோரியா காலக் காதல் நாவலில் எழுத்தாளர்கள் சறுக்கும் இடங்கள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு காதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது உடைகளைத்தான். என்ன கவுன், என்ன தொப்பி, இடுப்பை எவ்வளவு இறுக்கினார்கள் என்று படங்களாகச் சேர்த்து வைப்பார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் தொப்பி தவறினால் ஒரு வரிதான் கெடும். கல்யாணம் எத்தனை மணிக்கு நடந்தது, கடிதத்துக்கு யார் காசு கொடுத்தார்கள், மனைவியின் சொத்து யாருடையது என்பதில் தவறினால் கதையே கவிழ்ந்துவிடும்.

விக்டோரியா 1837 ஜூனில் அரியணை ஏறி 1901 ஜனவரியில் இறந்தார். இந்த 63 ஆண்டுகளையும் ஒரே காலமாக நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. 1840-ல் பல ஊர்களுக்குக் குதிரை வண்டியில்தான் போக முடியும். 1863-ல் லண்டனில் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. 1890களில் பெண்கள் சைக்கிளில் போகிறார்கள். துணைக்கு வரும் அத்தையால் கூடவே ஓடிவர முடியாது என்பது காதலர்களுக்கு எவ்வளவு வசதி! பாவாடையை விரித்து நிறுத்த உள்ளே மாட்டிய, எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் கூண்டு 1856-ல் பிரபலமாகத் தொடங்கி 1860களின் இறுதியில் போய்விட்டது. 1885-ல் உங்கள் நாயகி அதை மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போனால், பாட்டியின் பெட்டியைத் திறந்து எடுத்தாள் என்றுதான் வாசகர் நினைப்பார். ஆகவே பத்தாண்டைக்கூட அல்ல, ஆண்டையே முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பது கல்யாணக் காட்சியில் தெரியும். மெழுகுவர்த்தி ஒளியில் மாலை நேரத் திருமணம் எழுத எல்லோருக்கும் ஆசை. ஆனால் இங்கிலாந்தில் 1886 வரை காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையில்தான் திருமணம் செய்யலாம். அந்த ஆண்டில்தான் அது மாலை 3 மணி வரை நீண்டது. கல்யாண விருந்தைக் காலை உணவு என்றே அவர்கள் அழைத்ததும் இதனால்தான். இந்த நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயர் தரும் சிறப்பு அனுமதி தேவை. அது எளிதில் கிடைக்காது. மற்றவர்களுக்கு வழக்கமான வழி, தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துவிட்டு, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபையில் அறிவித்துவிட்டு, மணம் முடிப்பது. ஓலை வாசிக்கும்போது எழுந்து ஆட்சேபிக்க யாருக்கும் உரிமை உண்டு. ரகசியக் காதலர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன?

ஓடிப்போகிறவர்கள் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்குப் போவார்கள். அங்கே இரண்டு சாட்சிகளின் முன் 'நாங்கள் கணவன் மனைவி' என்று சொன்னாலே போதும். 1856 வரைக்கும் இந்தக் காட்சியைத் தாராளமாக எழுதலாம். அந்த ஆண்டில் வந்த சட்டம், மணமக்களில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாட்கள் தங்கியிருக்க வேண்டும் என்றது. எனவே 1870-ல் வண்டியேறிப் போய் இறங்கியதும் தாலி கட்டுவது போல எழுதினால் அந்தக் கல்யாணம் செல்லாது. எனக்கு இந்தச் சட்டம் ஒரு பரிசாகத்தான் படுகிறது. ரயில் வந்துவிட்ட காலத்தில், எல்லைக்கு அப்பால் ஒரு விடுதியில் மூன்று வாரம் காத்திருக்கும் ஜோடி, ஒவ்வொரு ரயிலிலும் அப்பா இறங்கலாம் என்ற பயம். எந்தக் கவுன் வருணனையாலும் இந்தப் பதற்றத்தைத் தர முடியாது.

யாரை யார் மணக்கலாம் என்பதில் தமிழ் எழுத்தாளர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம் பழக்கம் நம்மை அறியாமலே உள்ளே வந்துவிடும். அக்கா இறந்துவிட்டால் தங்கையை அத்தானுக்கே கட்டி வைப்பது நமக்குப் பழகிய கதை. இங்கிலாந்தில் 1835-லிருந்து 1907 வரை அப்படி ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது. ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட், இறந்துபோன மனைவியின் தங்கை ஈடித்தை மணப்பதற்காக 1875-ல் சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் முறைப்பெண், முறைமாப்பிள்ளை விஷயத்தில் அவர்களுக்குத் தடையே இல்லை. ஆல்பர்ட்டுக்கு விக்டோரியா சொந்த அத்தை மகள். சார்லஸ் டார்வின் 1839-ல் மணந்த எம்மா அவருடைய மாமன் மகள்.

அப்புறம் பணம். பணக்காரப் பெண்ணை வளைத்துப் போட அலையும் வில்லன் இந்த நாவல்களில் தவறாமல் வருவான். 1860-ல் அவனுக்கு நல்ல காலம். மனைவியின் ரொக்கம், நகை, பங்குகள் எல்லாம் கணவனுக்கே போய்விடும். விவரமான அப்பாக்கள் அதனால்தான் திருமணத்துக்கு முன்பே வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதி, மகளின் சொத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். 1882-ல் நிறைவேறிய மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1883 ஜனவரி முதல் அமலுக்கு வந்ததும் மனைவியின் சொத்து மனைவிக்கே என்றாகி, வில்லனின் கணக்கு மாறிவிடுகிறது. விவாகரத்தும் இப்படித்தான். 1858-லிருந்து அதற்கெனத் தனி நீதிமன்றம் இருந்தது. ஆனால் மனைவிக்குக் கள்ள உறவு இருந்தது என்று கணவன் காட்டினால் போதும். மனைவியோ கணவனின் கள்ள உறவோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 'விவாகரத்து வாங்கிவிட்டு உன்னிடம் வருகிறேன்' என்று ஒரு நாயகி 1865-ல் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

நாயகிக்குப் பதினாறு வயது என்று எழுதுவதும் பெரும்பாலும் தேவையில்லாத வேலை. சட்டப்படி 12 வயதுப் பெண்ணுக்கே மணம் முடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நடைமுறையில் பெண்களின் சராசரி மணவயது இருபதுகளின் நடுவில் இருந்தது.

பிரபுக்களிலேயே உயர்ந்த டியூக் பட்டம் பெற்றவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தாலும் சில டஜனுக்குள் அடங்கிவிடுவார்கள். நாவல்களிலோ தெருவுக்கு ஒருவர். ஒரு டியூக்கை வைத்தே தீருவீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தத்துப்பிள்ளை பட்டத்துக்கு வாரிசாக முடியாது. சட்டப்படியான தத்து என்பதே இங்கிலாந்தில் 1926-ல்தான் வந்தது. 1880-ல் காதலிக்காகத் துப்பாக்கிச் சண்டையும் வேண்டாம். இங்கிலாந்து மண்ணில் உயிர்ப்பலி வாங்கிய கடைசி டூயல் 1852-ல் நடந்தது, அதுவும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு இடையே.

கடிதம் தாமதமானதால் காதலர் பிரிந்தனர் என்பது இன்னொரு வழக்கமான முடிச்சு. 1840-க்கு முன்பு பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுத்தார். காசில்லாத நாயகி தபாலைத் திருப்பி அனுப்புவது அன்று நம்பக்கூடிய காட்சி. அந்த ஆண்டு ஒரு பென்னி தபால்தலை வந்தது. நூற்றாண்டின் பின்பகுதியில் லண்டனில் தபால்காரர் ஒரே நாளில் பல தடவை வந்தார். காலையில் போட்ட கடிதத்துக்கு மாலையே பதில் கிடைக்கும். அங்கே தவறிய கடிதத்துக்குக் காரணமாகத் தபாலைச் சொல்லாமல், கதவருகே நிற்கும் பணியாளரைச் சொல்லுங்கள்.

பியானோவின் கால்களைக்கூட நாணத்தால் துணி போட்டு மூடினார்கள் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். பிரெடெரிக் மாரியட் என்ற ஆங்கிலேயர் 1839-ல் அமெரிக்கர்களைக் கிண்டல் செய்து எழுதிய ஒரு சம்பவம் பின்னால் ஆங்கிலேயர்கள் மேலேயே ஒட்டிக்கொண்டது. இடுப்பை இறுக்கும் உள்ளாடையான கார்செட்டைக் கட்ட எப்போதும் ஒரு வேலைக்காரி வேண்டும் என்பதும் முழு உண்மையல்ல. நூற்றாண்டின் நடுவில் முன்பக்கக் கொக்கிகள் வந்த பிறகு பெண்கள் அதைத் தாங்களே மாட்டிக் கழற்றினார்கள்.

கின்னி நாணயத்தை மேசையில் வீசும் நாயகனைத் திருத்துங்கள். கடைசிக் கின்னி 1814-ல் அச்சானது. பிறகு 21 ஷில்லிங் என்ற கணக்காக மட்டும் மருத்துவர், வக்கீல் பில்களில் இருந்தது. 1845-ல் நாயகி இலங்கைத் தேநீரும் குடிக்க முடியாது. அன்று இலங்கை காபி நாடு. அங்கே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867-ல். நோய் வந்து காபி அழிந்த பிறகு, மலையகத் தமிழர்கள் பறித்த தேயிலை 1880களில்தான் லண்டனுக்குப் பெருமளவில் போனது.

இதையெல்லாம் எங்கே தேடுவது? நடத்தை விதி நூல்களை மட்டும் நம்பாதீர்கள். மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை, எப்படி இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. சாதாரண மக்களின் பேச்சுக்கு, லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்கு விசாரணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காதலர்களின் பேச்சுக்கு, வாக்குறுதி மீறல் வழக்குகளைப் பற்றிய செய்தித்தாள் பக்கங்கள். நிச்சயம் செய்துவிட்டுக் கைவிட்ட ஆண்மீது பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அப்போது அவன் எழுதிய காதல் கடிதங்கள் நீதிமன்றத்தில் உரக்கப் படிக்கப்படும், மறுநாள் பத்திரிகையில் அச்சாகும். செல்லப் பெயர், அசட்டுக் கவிதை எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.