விபத்துக்குப் பிறகு சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறீர்களா?

முதலில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வையுங்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்து, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். பாமசி பில்களை உடனே போட்டோகொப்பி எடுங்கள், அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கி வெறும் வெள்ளையாகிவிடும், பிறகு எத்தனை ரூபா செலவு என்று காட்ட வழியில்லை.

சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வாகனப் பதிவுப் புத்தகம், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளக் கடிதம், இவையும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். மற்ற வாகனத்தின் இலக்கம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காமல் பிரிண்ட் எடுங்கள்.

அப்புறம், நடந்ததைத் திகதி, நேரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், உங்கள் பக்கப் பிழையையும் மறைக்காமல். எதிர்த்தரப்புக் காப்புறுதிக்காரர் நீட்டும் தாளில் சட்டத்தரணியைப் பார்க்குமுன் கையெழுத்து வைக்காதீர்கள். நட்டஈட்டு வழக்குக்கு இலங்கையில் பொதுவாக 2 வருடம்தான் கெடு, காயம் ஆறட்டும் என்று ஆறுதலாக இருக்க வேண்டாம்.