முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

அக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். ஐ.நா. சபை 1990-இல் அறிவித்தது. அன்றைக்கு முதியோர் இல்லங்களில் கூட்டம் அலைமோதும். பாட்டு, பரிசு, புகைப்படம் எல்லாம் நடக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அதே கூடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எப்போதும் அதே நேரம். இது போதும். ஆரம்ப வேகத்தில் "தினமும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போவதுதான் அவர்களை அதிகம் வருத்தும். குளியல், சாப்பாடு, மருத்துவர் வரும் நேரங்களைத் தவிருங்கள். மறதி நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும். அதனால் பகல் நேரமே நல்லது.

படி 2: பொறுப்பாளரிடம் பேசுங்கள்

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். அடையாள அட்டை, தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரை, சில இடங்களில் காவல்துறைச் சான்று கூடக் கேட்பார்கள். சங்கடப்பட வேண்டாம். தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். கேட்காமல் விடும் இல்லத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

"நான் எதையெல்லாம் செய்யக்கூடாது?" என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பது, மருந்து கொடுப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் பயிற்சி உள்ளவர்களின் வேலை. வயதானவர்களின் தோல் மெல்லியது, அழுத்திப் பிடித்தாலே கிழியலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு வெறும் தண்ணீர் கூட மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் தொற்றை உண்டாக்கலாம். "ஒரு வாய் தண்ணி குடுப்பா" என்று கேட்டால் மனசு கேட்காதுதான். ஆனாலும் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

படி 3: கிளம்பும் முன்

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். வாந்தி, பேதி இருந்தால் அது நின்று இரண்டு நாளாவது ஆகட்டும். உள்ளே நுழைந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு 40 முதல் 60 விநாடி.

படி 4: முதல் சந்திப்பு

கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். நமக்கு அது இல்லத்தின் ஓர் அறை, அவருக்கு அதுதான் வீடு. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்றும் கேளுங்கள். தாத்தா, பாட்டி என்றால் எல்லாருக்கும் பிடிக்காது. நாற்பது வருடம் ஆசிரியராக இருந்தவருக்கு "சார்" என்ற ஒரு சொல்லில் முதுகு நிமிரும்.

நின்றுகொண்டு பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகுப்பக்கம் ஜன்னல் வேண்டாம். வயதாகும்போது பெரும்பாலும் கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். குரலை உயர்த்திக் கத்தினால் சொற்கள் இன்னும் கலங்கும். கொஞ்சம் கனத்த குரலில், நிதானமாகப் பேசுங்கள். அனுமதி கேட்டு டிவியை அணையுங்கள். காது மிஷின் மேஜையில் கிடக்கிறதா, காதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நேரம் சிக்கல் அவ்வளவுதான்.

"சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தால் ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள்தான் பெரும்பாலானோருக்கு அடர்த்தியாகத் தங்கியிருக்கும். முதியவர்கள் பழசையே பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாக ஒதுக்கிய காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் அதை மறுத்து, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான, அவசியமான வேலை என்றார். ஆகவே அதே கதை நான்காவது முறை வந்தாலும் கேளுங்கள். நான்காவது முறையில் புதிதாக ஒரு ஆள் கதைக்குள் வருவார்.

மறதி நோய் இருப்பவரிடம் "என்னை ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருக்குப் பரீட்சை. ஒவ்வொரு முறையும் நீங்களே பெயரைச் சொல்லுங்கள். "அம்மா காத்திருப்பாங்க, வீட்டுக்குப் போகணும்" என்பார். அம்மா எப்போதோ இறந்துவிட்டார் என்று நீங்கள் திருத்தினால், அந்தச் சாவுச் செய்தியை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார். "அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேளுங்கள், போதும்.

நான் போகும் இல்லத்தில் முன்பு தையல்காரராக இருந்த ஒரு பெரியவர் இருந்தார். என் பெயர் அவர் மனதில் ஒருநாளும் தங்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்ததும் என் சட்டைக் கையின் மடிப்பைப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, தையலை விரல் நுனியால் தடவுவார். "பிரிஞ்சிடும், இன்னொரு ஓட்டு ஓட்டணும்" என்பார். அப்புறம் அரை மணி நேரம் துணியைப் பற்றித்தான் பேச்சு.

படி 5: சில எல்லைகள்

பணம் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடம்பில் காரணம் தெரியாத காயம், ஒருவரைக் கண்டால் மிரட்சி என்று எதையாவது கவனித்தால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அவர் மீதே சந்தேகம் என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள்.

படி 6: விடைபெறுவது

திடீரென்று எழுந்து போகாதீர்கள். பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டிலுக்கு எதிரே நாள்காட்டி இருந்தால், அடுத்து வரும் தேதியைத் தடித்த பேனாவால் வட்டமிட்டு, உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்த வாரம் வரமுடியாமல் போனால் இல்லத்துக்குப் போன் செய்து அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் காலையிலிருந்தே தலைசீவி உட்கார்ந்திருப்பார்.